இரண்டு ஊதா மூடிகள்

பெங்களூருக்கு வந்த முதல் வருஷத்தில் இந்த ஊரின் மால்களையோ பூங்காக்களையோ நான் பார்த்ததில்லை. ஆனால் எத்தனையோ வீடுகளின் ஹால்களைப் பார்த்துவிட்டேன். பொழுது விடியும்போது யாராவது ஒருவர் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்துவதுதான் என் பிழைப்பு. போனில் பதிவு செய்தவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்க வேண்டும். அதைக் குழாயில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பரிசோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். போளூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து லேப் டெக்னீஷியன் டிப்ளமோவோடு வந்தவள் நான். ஜோகுபாளையத்தில் இரண்டாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. கிருஷ்ணகிரிக்காரப் பெண் ஒருத்தி ஏற்கெனவே அதில் இருந்தாள். துணிக்கடையில் வேலை. நான் கிளம்பும்போது அவள் போர்வைக்குள் இருப்பாள். நான் திரும்பும்போது அவள் கடையில் இருப்பாள்.

பெரும்பாலான பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு வேண்டும். அதனால் நான் சந்தித்த பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் பசியோடு இருந்தார்கள். காபி குடிக்காத முகத்தோடு, தலை சீவாமல், கழுத்து தொய்ந்த பனியனோடு கதவைத் திறப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அதட்டலாக நடக்கிறவர்களை ரோட்டில் பார்க்கும்போது, இவர்களும் காலையில் அப்படித்தானே இருந்திருப்பார்கள் என்று எனக்குச் சிரிப்பு வரும். ஒரு வீட்டில் தாத்தா முதல் பேத்தி வரை ஆறு பேர் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். இன்னொரு வீட்டில், புஜத்தில் புலி பச்சை குத்தியிருந்த பையன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி என் தோளிலேயே சாய்ந்துவிட்டான். அவனுடைய அம்மா வந்து, "நேத்துதான் ஜிம்முல நூறு கிலோ தூக்கினானாம், பாரு" என்றாள்.

"வீட்டைப் பாக்காத, கையைப் பாரு." பயிற்சியின்போது சொல்லிக் கொடுத்தது இது. கையைத்தான் பார்த்தேன். ஆனால் நரம்பு தேடும் நேரத்தில் கண் கொஞ்சம் அலையும். பூஜை அறையில் யார் படம், சுவரில் யார் கல்யாணப் போட்டோ, ஏன் இவ்வளவு பெரிய வீட்டில் ஒரே ஒரு நாற்காலி, எதற்காக இவர்கள் ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். வாயைத் திறந்து கேட்க முடியாது. பத்து நிமிஷத்தில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

கன்னடமும் அப்படித்தான் வந்தது, வீடு வீடாக. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் பெயரைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அதனால் நான் கற்ற முதல் கன்னட வாக்கியம் "நிம்ம ஹெசரு?" அடுத்தது, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்கும் "ஏனாதரு திந்திதீரா?" கையை மூடச் சொல்ல "முஷ்டி மாடி." ஒரு கிழவி ஊசி ஏறும்போது "நோவு, நோவு" என்றபோது எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் ஊரில் முழங்கால் வலிக்கு என் அத்தை சொல்லும் அதே வார்த்தை. பெயர் அங்கே ஹெசரு ஆகிறது, பால் ஹாலு ஆகிறது, நோவு மட்டும் நோவாகவே இருக்கிறது என்று அன்று முழுக்க வண்டியில் போகும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான். யாருடைய முடிவும் எனக்குத் தெரியாது. குழாயை லேபில் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. ரிப்போர்ட் நேராக அவரவர் போனுக்குப் போய்விடும். காய்ச்சல் விடாத குழந்தைக்கு என்ன வந்தது, மயங்கி விழுந்த புலிப் பையனுக்கு ஏதாவது குறை இருந்ததா, சோபாவில் உட்கார்ந்த ஆறு பேரில் யாருக்கு என்ன? எதுவும் தெரியாது. நூறு கதைகளின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்த மாதிரி இருக்கும்.

காக்ஸ் டவுன் வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது வழி தவறிவிட்டது. போனில் இருந்த வரைபடம் என்னை ஒரு சர்ச்சின் பின் மதில் வரை கொண்டுவந்து, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. பால் பாக்கெட் போடுகிறவர் வழி காட்டினார். இரண்டு புது அடுக்குமாடிகளுக்கு நடுவே ஓடு போட்ட பழைய வீடு. முகப்பில் மரச் சட்டங்கள் பின்னிய போர்ட்டிகோ. அங்கே ஒரு பெரியவர் இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், ஷூவோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அப்படி உடுத்தி நின்ற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வெளிய கிளம்புறீங்களா சார்?" என்றேன்.

"உனக்காகத்தாம்மா. பிளட் குடுக்குறது சும்னே இல்ல, சும்மா விஷயமா அது? மரியாதை வேணும்" என்றார்.

அரசாங்க ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சர்க்கரை. மாதா மாதம் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் சாம்பல் மூடிக் குழாயை எடுத்தபோது உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார். உயரமானவர். மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. ஆனால் என் கைகளை அவர் பார்த்த பார்வையிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"கை கழுவினியா?"

"சானிடைசர் போட்டேன் மேடம்."

"மேடம் கீடம்லாம் பேடா. ஆன்ட்டின்னு சொல்லு. அங்க பேசின் இருக்கு, கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன். அங்கிள் கையை நீட்டினார். நரம்பு கயிறு மாதிரி எடுப்பாகத் தெரிந்தது. ஊசி இறங்கும்போதே ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்து, பஞ்சை வைத்து அழுத்தும்போது முடித்தார். எனக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தேன்.

அடுத்த மாதமும் அந்த வீடு எனக்கே வந்தது. அதற்கடுத்த மாதமும். எங்கள் வேலையில் இது அபூர்வம். அந்தப் பக்கத்துக்கு அந்த நேரத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதால் இருக்கலாம். மூன்றாம் முறை போனபோது அங்கிள் பஞ்சைப் பிடித்தபடி போர்ட்டிகோவுக்குப் பேப்பர் எடுக்கப் போனார். ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, ஒரு விஷயம் கேக்கணும். இவர் ரிப்போர்ட் எப்பவும் நல்லா வருது. ஆனா இவர் கேக் திங்கறார். பேக்கரிலேந்து ஒளிச்சு எடுத்துட்டு வர்றார். அப்புறம் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடி பாகற்காய், வாக்கிங்னு ஆரம்பிச்சுடுவார். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் படிக்கிற பசங்க மாதிரி. இதைப் பிடிக்க ஏதாவது வழி இருக்கா?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"மூணு மாச டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. மூணு மாசமா சராசரி எவ்ளோ இருந்ததுன்னு காட்டும். ஒரு வாரம் பத்தியம் இருந்தாலும் அதுல தெரிஞ்சிடும். சாப்டுட்டே குடுக்கலாம்."

ஆன்ட்டியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. தீராத கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி.

வாசலில் பேப்பரோடு நின்றிருந்த அங்கிள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"யூ டூ?" என்றார் என்னைப் பார்த்து. "நல்ல பொண்ணுன்னு நினைச்சேனே."

பத்து நாட்களில் அந்த வீட்டிலிருந்து பதிவு வந்தது. மூன்று மாதச் சர்க்கரை. போர்ட்டிகோவில் அங்கிள் இல்லை. உள்ளே சோபாவில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றும் ஷூ போட்டிருந்தார்.

"குடுக்க மாட்டேன்" என்றார்.

"என்ன பேஜார் இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்றார் ஆன்ட்டி.

"எனக்குப் பார்த்தா உனக்கும் பார்க்கணும். நீயும் கையை நீட்டு, நானும் நீட்டுறேன். அதான் நியாயம்."

"எனக்கு என்ன இருக்கு பார்க்க? நான் சீனி இல்லாம காபி குடிக்கிறவ."

"அப்ப என்ன பயம்?"

பயம் என்ற சொல்லில் ஆன்ட்டி மாட்டிக்கொண்டார். இரண்டாவது மகள் பிறந்த பிறகு அவர் உடம்பில் ஊசியே ஏறவில்லையாம். டீச்சராக இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வரும்போதுகூட மாணவர்களை வரிசையில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவாராம். இதை அங்கிள் சொல்ல, ஆன்ட்டி மறுக்க, மறுபடி அங்கிள் வேறு விதமாகச் சொல்ல, கடைசியில் ஆன்ட்டி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். போனிலேயே இன்னொரு பெயரையும் சேர்த்தார்கள். நான் இரண்டு ஊதா மூடிக் குழாய்களை எடுத்து டீப்பாய் மேல் விரித்திருந்த பேப்பரில் வைத்தேன்.

முதலில் அங்கிள். குழாய் நிறைந்தது. அதற்குள் ஆன்ட்டி எழுந்து, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தார். "அடுப்பே பத்த வைக்கல, பொய் சொல்றா, பிடி அவளை" என்று அங்கிள் கத்த, நான் சிரித்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்த ஆன்ட்டி கண்களை இறுக மூடிக்கொண்டு, "ஏசப்பா, ஏசப்பா" என்றார். கை ஜில்லென்று இருந்தது. நரம்பு உள்ளே ஒளிந்துகொண்டது. தட்டித் தட்டித் தேடினேன். அங்கிள் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, முன்பு எனக்குச் சொன்ன அதே ஜோக்கை ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஊசியை உருவியதும் ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விட வெகுநேரம் ஆனது.

"முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி."

"முடிஞ்சிடுச்சா? இவ்வளவுதானா?" என்றவர், கண்ணைத் திறந்து ரத்தத்தைப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டார்.

நான் குழாய்களில் பெயர் ஸ்டிக்கர்களை ஒட்டி, பெட்டியில் வைத்து, அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம் லேபில் பெட்டியை ஒப்படைக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் கலந்து பேசுவார்.

"ஏனம்மா இது? காக்ஸ் டவுன்ல கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட். நீ டியூப் மாத்திட்டேன்னு சொல்றாங்க. ஹஸ்பெண்ட் ரிப்போர்ட் வைஃபுக்கு வந்திருக்காம். நீ ஸ்டிக்கர் எப்ப ஒட்டினே? ஒவ்வொண்ணா ஒட்டினியா, ரெண்டையும் சேத்து ஒட்டினியா?"

ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும் என்பதுதான் விதி. ஒருவரிடம் எடுத்ததும், அடுத்தவரைத் தொடுவதற்கு முன், அவர் கண் முன்னாலேயே ஒட்ட வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். "ஒவ்வொண்ணாதான் சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அந்தக் கணம் ஞாபகமே இல்லை என்று.

அங்கிளின் குழாய் நிறைந்தது ஞாபகம் இருந்தது. ஆன்ட்டி சமையலறைக்கு நகர்ந்ததும், நான் சிரித்ததும் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு பேப்பர் மேல் இரண்டு குழாய்கள். நடுவில் என் கை என்ன செய்தது?

"ஒட்டியிருப்பேன் சார்" என்றேன்.

"ஒட்டியிருப்பேன்னா என்ன அர்த்தம்? ஆயித்து பிடு, போகட்டும். திரும்ப எடுக்கணும், ஃப்ரீயா. நீ போக வேண்டாம், வேற ஆள் போவாங்க. ரிசல்ட் வரட்டும், பாக்கலாம்."

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. பாக்கலாம் என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அறைக்குப் போய்ப் படுத்தேன். அன்று கிருஷ்ணகிரிக்காரிக்கு வார விடுமுறை. தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீ மாத்தியிருப்பியா?"

"தெரியல."

"கண்ண மூடிட்டு யோசி. மொதல்ல எந்தக் கையால எடுத்த?"

கண்ணை மூடி யோசித்தேன். ஒருமுறை ஸ்டிக்கரைச் சரியாக ஒட்டுகிற என் கை தெரிந்தது. இன்னொருமுறை மாற்றி ஒட்டுகிற கை தெரிந்தது. இரண்டும் ஒரே மாதிரி நிஜமாக இருந்தன. நினைக்க நினைக்க அந்தக் காலை நேரம் தேய்ந்துகொண்டே போனது. ஒருவேளை மாற்றியிருந்தால் இதற்கு முன் எத்தனை பேருக்கு மாற்றினேனோ என்ற எண்ணம் வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தலையிலும் எண்ணெயைத் தேய்த்துவிட்டு, "படு, நாளைக்குக் காலையில கை நடுங்கக் கூடாதில்ல" என்றாள்.

கை நடுங்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, பெயரைச் சத்தமாகப் படித்து, அவர்களையும் படிக்கச் சொன்னேன். ஜீவன்பீமாநகரில் ஓர் ஐயா, "ஏன்மா, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கேட்டார். காக்ஸ் டவுனில் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்த அன்று, அந்தத் தெரு வழியாகவே வண்டியை மெதுவாக விட்டேன். போர்ட்டிகோவில் ஆன்ட்டி பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்த என்னை அவருக்குத் தெரியவில்லை. ஒரே தொட்டிக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார். தண்ணீர் நிரம்பி வழிந்து படியில் ஓடியது. ஆன்ட்டி அதைக் கவனிக்கவில்லை. பிரேக்கில் கை போனது. ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிடவில்லை. நான் பெட்டியை வைத்துவிட்டுப் போகும்போது, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"காக்ஸ் டவுன் ரிசல்ட் வந்திருச்சு. சேம். நீ மாத்தல. கம்ப்ளெய்ன்ட் க்ளோஸ். போம்மா, வேலையப் பாரு."

படிகளில் கிட்டத்தட்ட ஓடி இறங்கினேன். வாழ்நாளில் அவ்வளவு லேசாக இருந்ததில்லை. கீழே கடையில் ஒரு டீ வாங்கி, அதோடு ஒரு காரா பன்னும் வாங்கித் தின்றேன். வண்டியை எடுத்து அல்சூர் சிக்னல் வரை வந்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் புரிந்தது. நான் மாற்றவில்லை என்றால், கேக் தின்றவருக்கு நன்றாக இருக்கிறது. சீனி இல்லாமல் காபி குடிக்கிற ஆன்ட்டிக்குத்தான் சர்க்கரை, அதுவும் வேறு ஆளுடைய ரிப்போர்ட் என்று நினைக்கும் அளவுக்கு அதிகம். அதைக் கேட்டுவிட்டா நான் பன் வாங்கித் தின்றேன்?

விளக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை நகர்த்தினேன்.

அதன் பிறகு அந்த வீட்டுப் பதிவு எதுவும் எனக்கு வரவில்லை. மாதாந்திரப் பதிவும் நின்றுவிட்டது. வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள் என்று நினைத்தேன். நியாயம்தான். ஆனாலும் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். ஆன்ட்டி மாத்திரை போடுகிறாரா, டாக்டரிடம் போனாரா, இல்லை இன்னும் லேபின் தவறு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாரா? அங்கிள் ஜெயித்துவிட்டேன் என்று இன்னும் கேக் தின்கிறாரா? இத்தனை வீடுகளில் இந்த ஒரு வீட்டின் கதைக்கு மட்டும் எனக்கு இரண்டாம் பக்கம் கிடைத்திருந்தது. அது தெரிந்ததால் மிச்சத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அதிகமானதே தவிரக் குறையவில்லை.

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கியபோது ஒரு காலை என் போனில் அந்த முகவரி வந்தது. இரண்டு பெயர். கீழே குறிப்பு எழுதும் இடத்தில், "போன தடவை முதலில் வந்த பெண்ணையே அனுப்பவும்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இல்லை, முற்றுப்புள்ளி சரியான இடத்தில் இருந்தது. யார் எழுதியது என்று கேட்கவே வேண்டாம்.

போர்ட்டிகோவில் இருவரும் நின்றிருந்தார்கள். இருவரும் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். வாக்கிங் போய்விட்டு வந்திருந்தார்கள் போல. ஆன்ட்டி இளைத்திருந்தார். மூக்குக் கண்ணாடி சற்றுப் பெரிதாகத் தெரிந்தது.

"கை கழுவினியா?" என்றார்.

நான் நேராக பேசினுக்குப் போனேன். திரும்பி வந்தபோது டீப்பாய் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒன்றுமே இல்லை.

"உக்காரு. முதல்ல எங்கிட்ட எடு" என்று கையை நீட்டினார். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். ஏசப்பாவை ஒரே ஒருமுறை, அதுவும் மெல்லக் கூப்பிட்டார். குழாய் நிறைந்ததும், "ஸ்டிக்கரை எங்கிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரைப் படித்துப் பார்த்து, குழாயில் நேராக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டினார். ஒட்டிவிட்டு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பசங்க பரீட்சையில தப்பு விடை வந்தா, கொஸ்டின் பேப்பர் தப்பு டீச்சர்னு சொல்வாங்க. எத்தனை பேரை வெளிய நிக்க வெச்சிருக்கேன் தெரியுமா? கடைசியில நானே அதைச் சொன்னேன்." குழாயை என்னிடம் நீட்டினார். "உனக்கு ஆபீஸ்ல திட்டு விழுந்ததா?"

"கொஞ்சம் ஆன்ட்டி."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ரெண்டு நாள் தூக்கம் வரல."

அவர் என்னைப் பார்த்தார். ஸாரி என்று சொல்லவில்லை. நான் கீழே வைத்திருந்த பையை எடுத்து, பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்தார். பிறகு, "எனக்கு ஒரு மாசம் வரல" என்றார்.

அங்கிள் கையை நீட்டினார். அவருடைய ரத்தத்தை எடுக்கும்போது கேட்டேன். "அங்கிள், இப்ப கேக் உண்டா?"

"எங்கேம்மா! அவ முன்னாடி வெச்சு எப்படித் திங்கிறது? ஒளிஞ்சும் திங்க முடியல. முன்னாடியெல்லாம் அவ பிடிச்சுடுவாளேங்கற பயத்துல அதுல ஒரு ருசி இருந்தது. இப்ப பேக்கரி வாசல்ல நின்னா, இவளுக்கு இல்லையேன்னு தோணுது. திரும்பி வந்துடறேன்."

"பொய். போன வாரம் சட்டையில தூள் இருந்தது" என்றார் ஆன்ட்டி.

"அது ரஸ்க்."

"ரஸ்க் என்ன, கீரையா?"

அவருடைய ஸ்டிக்கரையும் ஆன்ட்டியே ஒட்டினார். நான் பெட்டியை மூடிவிட்டு எழுந்தேன். வழக்கம்போல நன்றி சொல்லிக் கிளம்ப வேண்டியதுதான். வாசல் வரை போய்விட்டேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஆன்ட்டி, ரிசல்ட் வந்தா எனக்குச் சொல்வீங்களா?"

"உனக்கு எதுக்கு? நீ என்ன டாக்டரா?"

"இல்ல ஆன்ட்டி. தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. எடுக்கிறதோட சரி, அப்புறம் யாருக்கு என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரியறதில்ல. ஒரு வீட்டுலயாவது தெரிஞ்சுக்கலாம்னு..."

அவர் திரும்பி உள்ளே போனார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து, "பரவால்ல ஆன்ட்டி, சும்மா கேட்டேன்" என்று செருப்பை மாட்டினேன். அவர் போனை எடுத்துவந்து, "நம்பரைச் சொல்லு. மெதுவா சொல்லு" என்றார். சொன்னேன். திருப்பிப் படித்துக் காட்டிச் சரிபார்த்தார்.

மறுநாள் சாயங்காலம், ஜோகுபாளையம் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. இரண்டு எண்கள் மேலும் கீழுமாக இருந்தன. முதல் எண்ணுக்குப் பக்கத்தில், "நான். ஜஸ்ட் பாஸ்." இரண்டாவதற்குப் பக்கத்தில், "அவர். ஃபர்ஸ்ட் கிளாஸ். பெருமை தாங்க முடியலை." அதற்குக் கீழே, "முன்னாடி இருந்ததுக்கு இது எவ்வளவோ மேல்னு டாக்டர் சொன்னார். நீ சாப்பிட்டாயா?"

வெங்காயக்காரர், "ஏனம்மா, எடுத்தாச்சா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு நின்றிருந்தேன் போல. ஒரு கிலோ போதும் என்றேன். பிறகு எதற்கோ இன்னொரு கிலோவும் போடச் சொன்னேன்.

அடுத்த நாள் ஆள் குறைவு என்று என்னை ஒக்கலிபுரத்துக்கும் அனுப்பினார்கள். ரயில் பாதையை ஒட்டிய தெரு. வண்டியை நிறுத்த இடமில்லாமல் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி ஓரம் சாய்த்துவிட்டு, குறுகலான படிகளில் மூன்று மாடி ஏறினேன். கதவுக்கு வெளியே குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி, பெரிய பூட்ஸ் ஒரு ஜோடி. ஒற்றைக் கொலுசு ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஏன் அங்கே தொங்குகிறது என்று யோசித்தபடி மணியை அழுத்தினேன். உள்ளே யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.